தில்லிக் கறிவேப்பிலையை மாசி வரை விட்டுவையுங்கள்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறோம். தொட்டியில் வைத்த கறிவேப்பிலை, குளிரில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கிறது. பிடுங்கிவிடலாமா? ஊரிலிருந்து வெண்டை, பீர்க்கை விதை வந்திருக்கிறது. தைப் பட்டத்திலேயே போடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். தண்டைக் கட்டை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டுங்கள். ஜனவரி இரவுகளில் இங்கே 7, 8 டிகிரிக்குப் போய்விடுகிறது. அந்தக் குளிருக்குக் கறிவேப்பிலை இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். இப்போது உரம் வேண்டாம். தினமும் தண்ணீரும் வேண்டாம். இலை கொட்டிவிட்டதே என்று பதறி, தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக விட்ட செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும்.

பிப்ரவரிக் கடைசியில் கணுக்கள் பருக்கும். அப்போது காய்ந்த குச்சியைப் பச்சை தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள். மேல்மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, மண்புழு உரத்தோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து போடுங்கள்.

சரி, விதைக்கு வருவோம். தை பிறந்ததும் கை பரபரக்கும்தான். ஆனால் தில்லியில் அப்போது மண் சில்லென்று கிடக்கும். 20 டிகிரிக்குக் கீழே வெண்டை சரியாக முளைக்காது, விதை அழுகிப்போகும். மாசி பிறந்து, பிப்ரவரி பாதி தாண்டியதும் போடுங்கள். அதுவரை பழைய தொட்டி மண்ணைக் கொட்டி, வேர்களைப் பொறுக்கிவிட்டு, நாலைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். அப்புறம் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் சேர்த்து நிரப்புங்கள்.

தக்காளி ஆசையும் இருந்தால், விதை போட்டு நாளைக் கடத்தாமல் பிப்ரவரி தொடக்கத்திலேயே நர்சரி நாற்றாக வாங்கி நடுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூ காய் பிடிக்காமல் உதிரும். ஏப்ரலில் இங்கே அது சாதாரணம்.

மார்ச்சில் கறிவேப்பிலை துளிர்க்கும்போது இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள், அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். முதல் துளிரை ரசத்துக்கு உருவிவிடாமல் நுனியை மட்டும் கிள்ளுங்கள். அதன் கீழிருந்து புதுக் கிளைகள் பிரியும்.