மஞ்சளாகும் சோயாவுக்கு யூரியா மட்டும் மருந்தாகாது

கேள்வி: யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் காணி மணற்பாங்கானது. முதன்முறையாக நான்கு பரப்பில் (கால் ஏக்கரில்) சோயா அவரை விதைத்தோம். ஒரு மாதப் பயிர் வளர்ச்சி குன்றி மஞ்சளாக நிற்கிறது. யூரியா போடலாமா, எரு மட்டும் போதுமா?

பதில்: யூரியாப் பையைத் திறக்குமுன் இரண்டு மூன்று செடிகளை மண்வெட்டியால் வேரோடு கிண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் வேரிலுள்ள சிறுகணுக்கள் (சிறு முடிச்சுகள்) மண்ணுக்குள்ளேயே அறுந்துவிடும். மண்ணை மெல்லக் கழுவி, ஒரு சிறுகணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலுள்ள பற்றீரியா வளியின் நைதரசனைப் பயிருக்குப் பிடித்துக் கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், அல்லது சிறுகணுவே இல்லையென்றால், அந்த உதவி பயிருக்குக் கிடைக்கவில்லை. சோயா முன்பு விளையாத காணியில் இது வழக்கம். பயறுக்கும் நிலக்கடலைக்கும் உதவும் பற்றீரியா சோயாவுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

இலையையும் பாருங்கள். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் நைதரசன் குறைவு. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைபாடு. சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கும் நமது மண்ணில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். லீற்றருக்கு 5 கிராம் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து மாலையில் தெளியுங்கள். நலிந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடச் சொல்வது அமில மண்ணுக்கான ஆலோசனை. இங்கு வேண்டாம்.

நைதரசன் குறைவுதான் என்றால், இந்தப் போகத்துக்கு யூரியாவைச் சிறிதளவாக, இரண்டு தடவையாகப் பிரித்து இடுங்கள். மணலில் அள்ளி வீசினால் அது நீரோடு இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். வலிகாமத்தில் செறிவாகப் பயிர்செய்யும் இடங்களில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது.

எருவா, பசளையா என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கத் தேவையில்லை. 2021இல் இலங்கையில் அசேதனப் (இரசாயனப்) பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். எரு இல்லாத மணலில் பசளை நிற்காது என்பதும் தெரியும். அடுத்த போகத்தில் விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே பரப்புக்கு ஏறத்தாழ 250 கிலோ உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கலந்துவிடுங்கள். சந்தைக் கழிவு, நறுக்கிய வாழைத்தண்டு, கிளிசரிடியா இலை, சாணம் எல்லாம் அடுக்கிக் கூட்டெரு செய்யலாம். உக்காத வைக்கோலைப் புதைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இருக்கிற நைதரசனையும் எடுத்துக்கொள்ளும். பனையோலை புதைப்பது நம் பெரியோர் கண்ட நல்ல வழி. ஆனால் உக்க நாள் எடுக்கும் என்பதால் முந்திய போகத்திலேயே புதையுங்கள்.

சுண்ணாம்பு மண் பொசுபரசைக் கட்டிவைத்துக்கொள்ளும். ஆகவே முச்சுப்பர் பொசுபேற்று என்ற பொசுபரசுப் பசளையை எருவோடு கலந்து, விதையைத் தொடாமல் வரிசையின் பக்கத்தில் இடுங்கள். அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனையோடு கேளுங்கள். விதையைச் சோயாவுக்கே உரிய றைசோபியத்துடன் (சிறுகணுவில் வாழும் அந்தப் பற்றீரியாவுடன்) ஆறிய கஞ்சியில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைத்துவிடுங்கள். அறுவடையின்போது செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள்.