பெயருக்கு டைரக்டர் என்று யாரும் கிடையாது

கேள்வி: நாகர்கோவிலில் கடல் ஆய்வுக் கருவிகளைப் பொருத்தி அளவெடுத்துத் தரும் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. எம்.டி. என் கணவரின் அண்ணன். கணவர் தவறியபின் அவர் இடத்தில் பெயருக்கு என்னை டைரக்டராகப் போட்டார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. ஒரு துறைமுகத் திட்ட ஆய்வுக்காகக் கடலில் விட்ட மிதவையில் இரண்டு மாத உப்பளவு தப்பாக இருக்கிறது என்று இன்ஜினியர் பையன் மெயில் அனுப்பினான். “சரிக்கட்டி அனுப்பு, பில் நிற்குது” என்றார் அத்தான். அவன் மறுத்ததும் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். அறிக்கையில் நான் கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, குமரி மாவட்டம்

பதில்: போடாதீர்கள் அம்மா.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 166ஆம் பிரிவு டைரக்டரின் கடமைகளைச் சொல்கிறது: நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் சுயபுத்தியோடும் நடக்க வேண்டும். மீறினால் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். குடும்பத்துக்காகச் சேர்ந்தவர், விவரம் தெரியாதவர் என்ற விலக்கெல்லாம் அதில் இல்லை. சுயபுத்தி என்ற அந்த ஒன்றைத்தான் இதுவரை உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தான் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. சம்பள நாள் நெருங்கினால் யாருக்கும் கண் மறைக்கும். ஆனால் நடந்தது என்னவென்று பாருங்கள். நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கருவி உப்பைக் கணக்கிடுகிறது. அளக்கும் குழாய்க்குள் பாசியும், கொட்டலசு என்கிற ஒட்டி வளரும் ஓட்டுயிரும் பிடித்தால் வழி குறுகிவிடும். ஒரு கிலோ கடல்நீருக்கு 35 கிராம் உப்பு என்பதை ஒட்டி நிற்க வேண்டிய எண் மெல்ல மெல்ல இறங்கும். கடலில் கிடக்கும் எந்தக் கருவிக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருத்துவதும் தப்பில்லை. எப்படித் திருத்தினோம் என்று எழுதி, மூல அளவையும் கூடவே கொடுத்து, சந்தேகமான நாட்களுக்கு அடையாளம் போட்டால் அது முறையான வேலை. சொல்லாமல் செய்தால் மோசடி.

அந்த எண்களை நம்பித்தான் துறைமுகக்காரர்கள் மேலே கணக்குப் போடுவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போன கரை நம்முடையது. நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வலைவிடும் ஆட்களிடம் போய் ‘கருவி சொல்லுது’ என்று நிற்க வேண்டுமானால், கருவி பொய் சொன்ன நாளையும் ஒத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே. டைட்டானிக் சிதைவைப் பார்க்க இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்களே, அதில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதாக 2018லேயே எழுதிக் கொடுத்தவர் அந்தக் கம்பெனியின் கடல்பணி அதிகாரி. அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். உங்கள் மிதவையில் ஆள் ஏறப்போவதில்லை. ஆனாலும் குறை சொன்னவனை வெளியே அனுப்பிவிட்டால், அடுத்த குறையை உங்களுக்கு யார் சொல்வார்கள்?

இதை அடுக்களை வாசலில் நின்று பேசாதீர்கள். அங்கே நீங்கள் கொழுந்தியா, அவர் மூத்தவர். பேச்சு அழுகையில் முடியும். டைரக்டர் குழுக் கூட்டத்தைக் கூட்ட உங்களுக்கும் உரிமை உண்டு. ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். பையனின் மெயிலை மேஜையில் வையுங்கள், வாடிக்கையாளருக்கு உண்மையை எழுதி அவகாசம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். அத்தான் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் மறுப்பை மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பதியச் சொல்லுங்கள்.

கூட்டம் வரைக்கும் காத்திராமல் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மிதவையைக் கரைக்குக் கொண்டுவந்தால் கருவியைக் கழுவ விடாதீர்கள். பாசியோடு படமெடுத்து, பாசியோடே ஒருமுறை சோதித்து எண்ணைக் குறித்துக்கொண்டு, கழுவியபின் மறுபடி சோதிக்க வேண்டும். கருவி எவ்வளவு தப்பாகக் காட்டியது என்பது அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை யாரிடம் செய்யச் சொல்வது என்கிறீர்களா? அந்தப் பையனுக்கே போன் போடுங்கள்.