மாத்திரையை விட்டுவிட்டு யோக நித்திரை செய்யலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். பைன்டவுனில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஒரு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ஆனாலும் கிளினிக்கில் 146/92 என்றுதான் வருகிறது. கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. கணவருக்கு நைட் ஷிப்ட். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. கோயில் ஹாலில் யோக நித்திரை (படுத்தபடியே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி) வகுப்பு நடக்கிறது, அதைச் செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறாள் தோழி. கிறிஸ்தவச் சபைக்குப் போகும் என் நாத்தனாரோ அதெல்லாம் நமக்கு ஆகாது என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வகுப்புக்குத் தாராளமாகப் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் தோழி சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மும்பையில் இதய மருத்துவர் கே. கே. தாத்தேயும் அவருடைய குழுவும் ரத்த அழுத்தம் உள்ள 47 பேருக்கு, யோக நித்திரை செய்யப் படுக்கும் நிலையான சவாசனத்தைக் கற்றுக்கொடுத்துப் பார்த்து 1969-இல் முடிவை வெளியிட்டார்கள். பலருக்கு அழுத்தம் இறங்கியது, சிலருக்கு மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. 1975-இல் லண்டனில் டாக்டர் சந்திரா பட்டேல் செய்த ஆய்விலும் பலன் தெரிந்தது. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். மாத்திரையைக் குறைத்ததும் மருத்துவர் கண்காணிப்பில்தான். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், யோகப் பயிற்சியால் மேல் எண் சராசரியாக 4, 5 புள்ளி இறங்குகிறது என்று சொல்லலாம். அது நல்ல உதவிதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் 146-இல் நிற்கிற ஒருவருக்கு அது மட்டும் போதாது. அம்லோடிபினை நிறுத்தினால் உடனே எதுவும் தெரியாது, நன்றாகத்தான் இருப்பது போலத் தோன்றும். சில நாட்களில் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும். பக்கவாதம் வந்து சேரும் பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

இனி, தளர்வுப் பயிற்சி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ அது தேவைதான். டர்பனில் இருக்கும் நமக்கு அந்த ஆபத்து வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். கேட் திறக்கும்வரை காரில் உட்கார்ந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் சுற்றும்முற்றும் பார்க்காதவர் யார்? பிரச்சினை என்னவென்றால், கேட்டைப் பூட்டி அலாரத்தைப் போட்ட பிறகும் உடம்பு காவலில் இருந்து இறங்குவதில்லை. தலைமாட்டில் ஃபோன் வேறு. தெருக் காவல் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் ஒரு வாய்ஸ் நோட் வந்தால் போதும், எல்லாம் மறுபடி முறுக்கேறிவிடும். கணவர் வெளியே இருக்கும்போது அதை முழுக்க அணைக்க மனம் வராது என்பது தெரியும். அவருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிட்டு, குழுவைக் காலைவரை மௌனமாக்குங்கள். நான் சொல்லும் எந்த ஆசனத்தையும் விட இது முதலில் பலன் தரும் என்று நம்புகிறேன்.

காவலில் நிற்கும் உடம்பை இறக்க நம் கையில் இருக்கும் நேரடி வழி மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். இதில், மூளையிலிருந்து இதயத்துக்கு வந்து துடிப்பை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்புக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் இதயத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான்.

செய்யும் முறை சுலபம். வேலையிலிருந்து வந்ததும், சமையலுக்குள் போகும் முன், தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். இடுப்பு வலித்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. கால்கள் சற்று அகன்றிருக்கட்டும், உள்ளங்கைகள் மேலே பார்க்கட்டும். அசையாமல் படுத்தால் குளிரும், அதனால் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். பாதத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாக ஐந்து வினாடி இறுக்கி, அதைப் போல இரண்டு மடங்கு நேரம் தளர்த்துங்கள். கெண்டைக்கால், தொடை, வயிறு, முஷ்டி என்று மேலே வாருங்கள். இறுக்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டாம். தோளுக்கும் தாடைக்கும் வரும்போது அவசரப்படாமல் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள், உங்கள் கழுத்து வலியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். பிறகு நான் சொன்ன நீண்ட வெளிமூச்சு, 27-இலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே. எண்ணிக்கை தவறினால் மறுபடி 27. மனம் அலைவதைப் பார்த்து 'எனக்கு இது வராது' என்று விட்டுவிடாதீர்கள், அலைந்த மனத்தைத் திரும்ப அழைப்பதுதான் பயிற்சியே. முடித்ததும் வலப்பக்கம் ஒருக்களித்து மெதுவாக எழுங்கள். மாத்திரை சாப்பிடுவதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். மொத்தம் 15, 20 நிமிடம். வாரம் ஒருநாள் வகுப்பை விட, வீட்டில் தினமும் செய்வதுதான் அழுத்தத்தைக் குறைக்கும்.

வகுப்பு எடுப்பவரிடம் ரத்த அழுத்தம் இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தலைகீழ் ஆசனங்கள், கபாலபாதி போன்ற வேக மூச்சு, மூச்சை அடக்கி நிறுத்துவது ஆகியவை இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்றைத் தயக்கமில்லாமல் கேட்கிறேன். உங்களுக்கோ வீட்டாருக்கோ கார் ஹைஜாக்கிங், வீடு புகுந்து கொள்ளை போன்ற அனுபவம் உண்டா? அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி அசையாமல் படுத்தாலே அந்த நினைவு வந்து மோதும், நெஞ்சு படபடக்கும். அது பலவீனம் இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை அரைவாசி திறந்து, மூச்சை மட்டும் செய்யுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், இதற்கென்றே நல்ல சிகிச்சை இருக்கிறது.

நாத்தனார் விஷயம். யோக நித்திரையை இன்றைய வடிவில் பரப்பியவர் பீகார் முங்கேரின் சுவாமி சத்யானந்த சரஸ்வதி. அதில் மந்திரமோ சங்கல்பமோ வரும் வகுப்புகளும் உண்டு. ஆனால் தசையை இறுக்கித் தளர்த்தும் முறையை 1920-களிலேயே அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேகப்சன் எந்த மதச் சார்பும் இல்லாமல் உருவாக்கியிருக்கிறார். மேலே எழுதியதில் பெரும்பகுதி அதுதான். நாத்தனாரும் கூடவே படுத்துச் செய்யலாம். எண்ணுவதற்குப் பதில் அவருக்குப் பிடித்த வசனத்தைச் சொல்லிக்கொண்டாலும் உடம்பு அதே போலத்தான் தளரும்.

இரண்டு மணி விழிப்புக்கு மனக்கவலை மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருந்தால் மாத்திரைக்கும் அழுத்தம் அடங்காமல் போகலாம். வியர்த்து விழிக்கிறீர்கள் என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொடக்கமாக இருக்கலாம். இங்கே நம் குடும்பங்களில் சர்க்கரை அதிகம், அதையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் ஊறுகாயைக் குறையுங்கள், உப்பு அதில்தான் குவிந்திருக்கிறது.

கிளினிக்கில் வரிசையில் நின்று பதறிப்போய் எடுத்த 146 உங்கள் உண்மையான எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். மேற்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள், அல்லது யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை, ஏழு நாள் எடுத்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அவர் 5-ஐ 10 ஆக்கலாம், அல்லது இன்னொரு மாத்திரை சேர்க்கலாம். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது எண் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழையுங்கள். பேச்சுக் குழறலோ மரத்துப்போதலோ எண் குறைவாக இருக்கும்போது வந்தாலும் அழைக்கத்தான் வேண்டும்.

மூன்று மாதம் தினமும் பயிற்சி செய்துவிட்டு மறுபடி ஏழு நாள் அளந்து பாருங்கள். எண்கள் 130/80-க்குக் கீழே நிலையாக நின்றால், மாத்திரையைக் குறைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் அப்போது கேட்கலாம்.