காரை இழுக்கிற வின்ச்சால் மெஷினைத் தூக்கலாமா?

கேள்வி: பழைய மின் வின்ச் (ட்ரம் என்ற உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) ஒன்று விலைக்கு வருகிறது. பழுதான கார்களை லாரியில் ஏற்ற வைத்திருந்ததாம். தகட்டில் 2 டன் என்று இருக்கிறது. 600 கிலோ லேத் மெஷினை மாடிக்கு ஏற்ற வேண்டும். தாராளமாகத் தூக்கும் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்த 2 டன் இழுவைக் கணக்கு. சமதரையில் உருளும் காரை நகர்த்த அதன் எடையில் சிறு பங்கு விசையே போதும். தொங்கும் மெஷினின் முழு எடையும் கயிற்றில்தான். அதுவும் ட்ரம்மில் ஓர் அடுக்கு கயிறு மட்டும் இருக்கும்போதுதான் 2 டன் கிடைக்கும். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும்.

சரி, 600 கிலோதானே என்பீர்கள். இழுத்துவிடும். தொங்கவிட்டு நிறுத்திப் பிடிப்பதில்தான் ஆபத்து. வண்டி வின்ச்சின் பக்கவாட்டில் சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் ட்ரம் கியரிலிருந்து விடுபடும், கயிற்றைக் கையாலேயே உருவலாம். சுமை தொங்கும்போது அந்த லீவர் கியரோடு சரியாகப் பொருந்தாமல் நழுவினால் மெஷின் நேராகத் தரைக்கு வரும். இதனால்தான் தயாரிப்பாளர்களே ‘தூக்கப் பயன்படுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டுகிறார்கள். புரோக்கர் முதலில் சுரண்டுவது அந்த ஸ்டிக்கரைத்தான். புதுப் பெயிண்ட் அடித்த வின்ச் என்றாலே சந்தேகப்படுங்கள். சோதனைச் சான்றிதழ் காட்டினால், அதிலுள்ள எண்ணும் வின்ச்சில் பதித்த எண்ணும் ஒன்றா, எத்தனை கிலோ தொங்கவிட்டுச் சோதித்தார்கள் என்று பாருங்கள். வின்ச்சைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பாரில்லை, என்ன செய்வது!

‘இது வார்ம் கியர், தானாகப் பின்னால் சுற்றாது, பிரேக்கே வேண்டாம்’ என்றும் சொல்வார்கள். வார்ம் கியர் என்பது திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு. அவர்கள் சொல்வது பாதி உண்மை. அசையாமல் நிற்கும் சுமையைச் சில வார்ம் கியர்கள் பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா வார்ம் கியரும் அப்படியில்லை. பல்லின் சரிவு அதிகமானால் பின்னாலும் சுற்றும். சரிவு குறைவான கியரில்கூட நல்ல எண்ணெயும் கொஞ்சம் அதிர்வும் சேர்ந்தால் சுமை மெல்ல இறங்கும். வார்ம் கியரோடு தனி பிரேக்கும் இருந்து, தூக்குவதற்கென்றே செய்த வின்ச் என்றால் சரி. கியரை மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் வேலைக்கு 1 டன் செயின் பிளாக் (கையால் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) போதும். சங்கிலியை விட்டாலும் சுமையின் எடையே உள்ளிருக்கும் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும். அதை மாட்டும் கர்டர் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்ட பிறகே ஆரம்பியுங்கள். தூக்கும்போது கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

வின்ச்சையும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உருளைக் குழாய்மேல் வைத்த மெஷினைத் தரையில் இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்மில் 5 சுற்றாவது கயிறு மீதி இருக்கட்டும். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள். அறுந்தால் அந்தப் பக்கம்தான் பாயும்.