பக்கத்து அறையில் ஓடும் பாட்டு

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 19 வயது. நாள் முழுக்க அவள் போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஒரு வரிகூடப் புரிவதில்லை, கடகடவென்று தட்டுவதுதான் கேட்கிறது. நான் இளையராஜா கேட்டு வளர்ந்தவன். நிறுத்தச் சொன்னால் சண்டை. போன வாரம், "ஒரு பாட்டையாவது முழுசா கேட்டிருக்கீங்களாப்பா?" என்றாள். நல்ல இசையைக் கேட்கும் காதே இந்தத் தலைமுறைக்கு இல்லையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே!

"வரி புரியல, வாத்தியந்தான் கேக்குது." என் அப்பா இதைச் சொன்னது, நீங்கள் கேட்டு வளர்ந்த அதே இளையராஜா பாடல்களைப் பற்றி. அவர் தியாகராஜ பாகவதர் ரசிகர். 1944இல் வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது அவருக்கு. நான் டேப் ரெக்கார்டரைப் போட்டால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

வீட்டில் மட்டுமல்ல, அரசாங்கமே இப்படிக் கோபப்பட்டிருக்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தைக் குறைத்தார், தயாரிப்பாளர்களோடு தகராறும் வந்தது. கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டு போடும் விவிதபாரதியைத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று ரசனை கெட்டதாகச் சொல்லப்பட்ட அந்த 50களின் பாட்டுகளைத்தான் இன்று 'பழைய பொற்காலம்' என்கிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. ஒவ்வொரு காலத்துப் பாட்டும் அந்தக் காலத்தில் எதில் கேட்டார்களோ அதற்காகச் செய்யப்பட்டது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதால் நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடினார். மைக் வந்த பிறகுதான் சினிமாப் பாடகர் ஏ.எம்.ராஜா காதருகே பேசுவதுபோலப் பாட முடிந்தது. இன்றைய பாட்டுக்கு அடித்தளமே தாழ்ந்த பேஸ் ஒலி. போனின் சின்ன ஸ்பீக்கரால் அதைக் கொடுக்க முடியாது. பேஸ் போய்விட்டால் மிஞ்சுவது மேலே கடகடக்கும் தாளம் மட்டும்தான். பக்கத்து அறையிலிருந்து உங்கள் காதுக்கு வருவது அந்த மிச்சம். அதைப் பாட்டு என்று எண்ணித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நானும் இதே தப்பைச் செய்தவன். 1992இல் 'ரோஜா' பாடல்களை டவுன் பஸ்ஸின் கரகரத்த ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் சத்தம் என்று ஒதுக்கினேன். பல மாதம் கழித்து நண்பன் வீட்டு ஸ்டீரியோவில் கேட்டபோது, ஒலி இடமும் வலமுமாகப் பிரிந்து, நடுவில் குரல் மட்டும் தனியாக நின்றது. எழுந்து போக மனம் வரவில்லை. அந்த மாதங்களை வீணாக்கிவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

இன்று வருவதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ரீல்ஸில் ஓடும் பத்து விநாடிக்காகவே செய்த பாட்டுகள் எனக்கும் சலிப்பூட்டுகின்றன. நம் காலத்திலும் குப்பை நிறைய வந்தது, நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் 2021இல் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யைக் கேளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதியது. நிலத்தைப் பண்படுத்தியும் நிலமில்லாமல் போனவர்களின் துக்கம் அந்தத் துள்ளல் தாளத்துக்கு அடியில் ஓடுகிறது. ஒப்பாரியின் சாயல் அதில் இருப்பது மூன்றாவது முறை கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. முதல் முறை வெறும் ஆட்டப் பாட்டாகத்தான் கேட்டேன்.

சரி, இப்போது ஒன்று செய்யுங்கள். மகளிடம் அவளுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு பாட்டு எது என்று கேளுங்கள். அவளுடைய ஹெட்போனையே வாங்கி, கண்ணை மூடி, முழுசாகக் கேளுங்கள். வரி புரியாவிட்டால் அவளிடமே கேளுங்கள். சொல்லித் தர அவளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். அப்புறம் நீங்கள் ஒரு இளையராஜா பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

அவள் எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கு எழுதுங்கள். நானும் கேட்கிறேன்.

அன்புடன்.