விட்டுவிட்டுக் கோடை மழை பெய்கிறது. பூத்து நிற்கும் தீவனச் சோளத்தை அறுத்துக் காயவைக்கலாமா, மழை ஓயும்வரை விடலாமா?

அறுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் பூத்த பயிரை இன்னும் நிறுத்திவைத்தால் தண்டு முற்றும், புரதம் குறையும். பிறகு எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

ஓமலூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊர்க் கோடை மழை பெரும்பாலும் பகல் வெயிலில் திரளும் இடிமழை. சேர்வராயன் மலைமேல் மேகம் கறுப்பதெல்லாம் மதியத்துக்கு மேல்தான். அதுவரை வெயில் நம்முடையது. காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் அறுத்து மெல்லியதாகப் பரப்புங்கள். அன்று மாலையே நனைந்தாலும் கலங்க வேண்டாம், பச்சைச் சோளத் தட்டுக்கு மழையால் பெரிய சேதமில்லை. முக்கால்வாசி காய்ந்தது நனைந்தால்தான் நஷ்டம்: கரையும் சத்து மழையோடு போய்விடும், மறுபடி காயவைத்துப் புரட்டும்போது இலையும் உதிரும். ஆகையால் உழைப்பையெல்லாம் இரண்டாம், மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியமே கட்டுகளாகக் கட்டி, தலைப்பக்கம் ஒன்றோடொன்று சாயும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள். தண்ணீர் வழிந்துவிடும், காற்றும் உள்ளே போகும். தார்ப்பாய் போட்டு இறுக மூடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். உள்ளேயே வியர்த்துப் புழுங்கும்.

தட்டை அடுக்கிப் போர் போட ஈரம் 15 சதவீத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இலை சீக்கிரம் காய்ந்து நம்மை ஏமாற்றும், தண்டைத்தான் பார்க்க வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய தட்டையும் ஒரு கரண்டி உலர்ந்த உப்பையும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கட்டிப்பட்டால் இன்னும் காயவில்லை. போர் போட்ட பிறகும் கடப்பாரையை உள்ளே செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொடுங்கள். சுட்டால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். ஈரத்தோடு அடைத்த போர் தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறக்கூடும்.

நாள் முழுவதும் மூட்டமாகவே இருந்தால் காயவைக்கும் எண்ணத்தையே விடுங்கள். ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்குமாறு வாடவிட்டு, நறுக்கி, காற்றுப் புகாத பைகளில் மிதித்து அடைத்துப் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல்லாக்குங்கள் (சைலேஜ்). 45 நாளில் தயார். பூசணம் பிடித்த தட்டைவிட இது எவ்வளவோ மேல். பூசணம் பிடித்ததை நல்ல தட்டோடு கலந்து தள்ளிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கறவை மாட்டுக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். சில பூசணங்களின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அறுத்த தாளிலிருந்து இந்த மழைக்கு இளந்துளிர் வரும். அதில் சயனைடு நஞ்சு அதிகம். அப்படித் துளிர்த்து வளரும் மறுதாம்புப் பயிர் பூக்கும்வரை அந்த வயலில் ஆடு மாடுகளை மேயவிடாதீர்கள்.