நின்றே பழகிய கார்னிஷை வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் 1974-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கார்னிஷ் கூப்பே (இரண்டு கதவும் நிலையான கூரையும் கொண்ட கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 38,000 மைல்தான் ஓடியதாம். பல ஆண்டுகளாகக் கொட்டகையில் பத்திரமாக நின்றதாம். தோல் இருக்கைகள் புதிதுபோல் மின்னுகின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: பல ஆண்டுகள் நின்றது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஒழுங்காகப் பராமரித்து ஒரு லட்சம் மைல் ஓட்டிய கார்னிஷையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். 6,750 சிசி வி8 என்ஜின் உழைப்புக்கு அஞ்சாதது. இந்தக் காருக்கு எமன் ஈரமும் ஓய்வும்தான்.

முதலில் பிரேக். சிட்ரோயன் நிறுவனத்திடம் உரிமம் பெற்று அமைத்த உயர் அழுத்த ஹைட்ராலிக் முறை இது. என்ஜினால் இயங்கும் இரண்டு பம்புகள் அழுத்தத்தை உருவாக்க, நைட்ரஜன் நிரப்பிய இரண்டு உருண்டைக் கலன்கள், அதாவது குண்டுகள், அதைச் சேமித்து வைக்கின்றன. பின்பக்க உயரத்தைச் சமன்செய்வதும் இதே அழுத்தம்தான். என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, பிரேக்கை மிதித்து மிதித்து எண்ணுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியுமுன் நாற்பது முறையாவது மிதிக்க முடிந்தால் நிம்மதி. பத்துக்குள் எரிந்தால் குண்டுகளைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மற்ற பாகங்களும் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.

பிரேக் அமைப்பில் எந்தத் திரவம் ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். இந்த வண்டிக்கு உரியது ஆர்ஆர்363. 1980-களின் கார்களுக்கான மினரல் ஆயிலை யாராவது தெரியாமல் ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். முழு அமைப்பையும் பிரித்தாக வேண்டும். சரியான திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நின்ற காரில் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிப்பது அதனால்தான்.

அடுத்து உடற்பகுதி. லண்டனில் மல்லினர் பார்க் வார்டு பட்டறையில் கையால் உருவாக்கியது என்பதால், மாற்றுத் தகடு எளிதில் கிடைக்காது. பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழுள்ள சட்டம், பின் கண்ணாடியின் அடிப்பகுதி ஆகியவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். கூரையில் வினைல் உறை இருந்தால் குமிழ்களைத் தேடுங்கள். அடியில் துரு மறைந்திருக்கும். காந்தத்தை வைத்துப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிப்பது நல்ல வழிதான். ஆனால் கதவு, பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டவில்லை என்று பதறாதீர்கள்.

தோலும் மரமும் கண்ணைப் பறிக்கட்டும். அவற்றைப் பிறகும் சரிசெய்துகொள்ளலாம்.

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. விற்பவர் அதைக் காரணம் காட்டிச் சோதனையைத் தட்டிக்கழித்தால் ஏற்காதீர்கள். விரும்பினால் சோதனை செய்துகொள்ளலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய எம்ஓடி பதிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 38,000 மைல் உண்மையா என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். சேஸி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கூப்பே என்றால் அது சிஆர்எச் என்று தொடங்க வேண்டும். நார்தாம்ப்டன்ஷயரில் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் ஹன்ட் ஹவுஸ் காப்பகத்தில், கார் தயாரான விவரங்களைக் குறித்த தொழிற்சாலை அட்டைகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி நகல் வாங்கி, அசல் நிறமும் பொருத்திய பாகங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.